சிவக்காத தோல்

"சிவந்திருக்கிறதா?" என்று போனில் கேட்டார் நர்ஸ்.

2018 அக்டோபர். என் மகள் பிறந்து பன்னிரண்டு நாள். அட்லாண்டாவை ஒட்டிய டிகேட்டரில் வாடகை வீடு. விடியற்காலையிலிருந்து இடது மார்பு கல்லாகக் கனத்தது. குளிர் தூக்கிப் போட்டது. மருத்துவமனை கொடுத்தனுப்பிய தாளில் இருந்த எண்ணுக்கு அடித்தேன். அவர் வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்து இந்தக் கேள்வியில் நின்றார். நான் போனோடு குளியலறைக் கண்ணாடி முன் போய் நின்றேன். பெண் பார்க்க வந்தவர்களிடம் அம்மா 'மாநிறம்' என்று சொல்லிச் சமாளித்த நிறம் என்னுடையது. உள்ளபடி சொன்னால் கறுப்பு. கண்ணாடியில் அது என்றும் போலத்தான் இருந்தது. "சிவப்பெல்லாம் இல்லை" என்றேன். அப்படியானால் பால் கட்டியிருக்கும், ஒத்தடம் கொடுங்கள், நாளைக்கும் இருந்தால் கூப்பிடுங்கள் என்று வைத்துவிட்டார்.

அவர் மேல் எனக்குக் கோபமில்லை. தாளில் அச்சடித்திருந்ததைத்தான் அவர் கேட்டார்.

சாத்தூரிலிருந்து பிரசவம் பார்க்க வந்திருந்த அம்மா, கையைத் திருப்பிப் புறங்கையை வைத்துப் பார்த்தாள். "நெருப்பா கொதிக்குது பாப்பா, இது வெறும் பால்கட்டு இல்ல" என்றாள். அம்மா சொன்னதை நான் அந்த நர்ஸிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. தாளில் இருந்த கேள்வியைப் பெரிதாகவும் அம்மாவின் கையைச் சிறிதாகவும் நினைத்துப் பழகியிருந்தேன்.

மத்தியானம் எதிர்வீட்டம்மா வந்தார். அறுபதைத் தாண்டிய கறுப்பினப் பெண், பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். ஒரு பாத்திரம் நிறைய காராமணியும் சோறும் கொண்டுவந்தவர் என் முகத்தைப் பார்த்ததும் பாத்திரத்தை வாசலிலேயே வைத்துவிட்டார். அவரும் கையைத் திருப்பினார். புறங்கையால் முதலில் ஒரு பக்கம், பிறகு மறுபக்கம். "பேபி, நம்ம தோல் சிவக்காது. சூட்டைப் பாரு. தோல் இழுத்துப் பிடிச்சு மினுமினுங்குதான்னு பாரு. இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் வித்தியாசம் தெரியுதான்னு பாரு." கையோடு என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு போனார். காய்ச்சல் 103 டிகிரி. பால்குழாயில் தொற்று. ஆன்டிபயாடிக் தந்தார்கள், மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்தேன்.

(இடையில் ஒரு சின்னச் சண்டை. எதிர்வீட்டம்மா குளிர்ந்த முட்டைக்கோஸ் இலையை வைக்கச் சொன்னார். அம்மா, மல்லிகைப்பூ வைத்துக் கட்டினால்தான் வீக்கம் வடியும், ஆனால் பாலும் வற்றிவிடுமே என்று கவலைப்பட்டாள். நடுவில் நான் மொழிபெயர்ப்பாளர். மிச்சமான முட்டைக்கோஸ் அன்றைக்குப் பொரியலானது.)

'நம்ம தோல்' என்று அவர் சொன்னது காதிலேயே நின்றுவிட்டது. இந்த நாட்டுக்கு வந்து ஆறு வருடத்தில் என்னை யாரும் அந்த 'நம்ம'வில் சேர்த்ததில்லை. உண்மையைச் சொன்னால், நானும் சேரப் பார்த்ததில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை, அவர் போகும் சர்ச்சின் அடித்தள ஹாலுக்கு என்னைக் கூட்டிப்போனார். கர்ப்பிணிகளுக்கான வகுப்பு அங்கே நடக்கும். எனக்குத்தான் பிள்ளை பிறந்துவிட்டதே என்றேன். "பெத்தவங்களுக்கும்தான். வந்து உட்காரு" என்றார். ஒரு தடவை என்று போனது பல சனிக்கிழமைகள் ஆனது.

நடத்தியவர் பிரசவ வார்டில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நர்ஸ். அவரும் கறுப்பினத்தவர். அவர் வைத்திருந்த ஒரே கட்டுப்பாடு, கர்ப்பிணி தனியாக வரக்கூடாது. புருஷனோ, அம்மாவோ, அத்தையோ, தோழியோ, யாராவது ஒருவர் கூட வர வேண்டும். யாருமில்லாதவளுக்குச் சர்ச்சிலிருந்தே ஒருவரைச் சேர்த்துவிடுவார். முதல் நாள் எண்ணிப் பார்த்தேன். ஒன்பது கர்ப்பிணிகள், இருபத்திரண்டு நாற்காலிகளில் ஆட்கள். மேல்சட்டையில் இன்னும் பெயின்ட் காயாத ஒரு பெயின்டர் மாமா, தன் தங்கை மகளுக்குத் துணையாக வந்திருந்தார்.

நான் முன்பு மருத்துவமனையில் போன வகுப்பு வேறு மாதிரி. ப்ரொஜெக்டர் வைத்து, சால்மன் மீனும் கீன்வாவும் சாப்பிடுங்கள் என்று படம் காட்டினார்கள். அம்மா என் பக்கத்தில் ஒன்றும் புரியாமல் நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தாள். கூட வந்த ஆளைப் பொம்மைக் குழந்தைக்கு டயப்பர் மாட்டச் சொன்னார்கள். நாலு பிள்ளை பெற்றவள் அதை வாங்கிப் பார்த்துச் சிரித்தாள்.

சர்ச் ஹாலில் பேச்சு சாப்பாட்டில் தொடங்கியது. வீட்டில் நேற்று என்ன சமைத்தீர்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டார். காலர்ட் கீரை, காராமணி, சர்க்கரைவள்ளி, வெண்டைக்காய், மோர். கேட்கக் கேட்க எனக்கு ஆச்சரியம், சாத்தூர் அடுப்படிக்கே போய்விட்ட மாதிரி. காராமணியும் வெண்டைக்காயும் அடிமைக் கப்பல்களோடு ஆப்பிரிக்காவிலிருந்து வந்து தென்மாநிலங்களின் சாப்பாடாகவே ஆகிவிட்டவை. "ஃபோலேட்டுக்கு மாத்திரை எழுதித் தருவாங்க, அதையும் போடுங்க. ஆனா உங்க பாட்டி வெச்ச காராமணியிலயும் அது இருக்கு. கீரையில கால்சியம் இருக்கு. உங்க வீட்டுச் சாப்பாட்டைப் பார்த்து யாராவது மூக்கைச் சுளிச்சா நம்பாதீங்க" என்றார். மாத்திரை வேண்டாம் என்று சொல்லவில்லை, பாட்டியைத் தோற்கடிக்கவும் இல்லை.

ஒரு பாட்டி எழுந்தார். கால் வீங்குவதெல்லாம் சகஜம், நான் ஆறு பெற்றேன், ஆறுக்கும் வீங்கியது. இந்த இடத்தில் எத்தனையோ டாக்டர்கள் சறுக்குவதைப் பார்த்திருக்கிறேன். நர்ஸம்மா சறுக்கவில்லை. "சரி, காலை விடுங்க. மோதிரம் கழலுதா? காலையில எழுந்தப்போ கண் இமை உப்பியிருந்துதா? போன மாசம் எடுத்த போட்டோ போன்ல இருக்கும், எடுங்க. ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க." பாட்டி தன் பேத்தியின் முகத்தையும் போட்டோவையும் மாறி மாறிப் பார்த்தார். அவ்வளவுதான் பாடம். ஊரில் நாம் 'ஜன்னி கண்டு போயிட்டா' என்று ஒரு வரியில் முடித்துவிடும் சாவுகளில் பலவற்றுக்குப் பின்னால் இருப்பது இதுதான். இருபதாவது வாரத்துக்குப் பிறகு ஏறும் ரத்த அழுத்தம், விடாத தலைவலி, கண்ணில் பூச்சி பறப்பது, வலது மேல்வயிற்றில் வலி. முற்றினால் வலிப்பு. டாக்டர்கள் பிரீக்ளாம்ப்சியா என்பார்கள். பிள்ளை பிறந்தபின்னும் ஆறு வாரம் வரை இது வரலாம் என்று அந்த ஹாலில் கேட்டபோதுதான் எனக்கே தெரிந்தது.

பிரஷர் மெஷின் கை மாறிக் கை மாறிப் போனது. ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும், கால் தரையில் பட வேண்டும், கை நெஞ்சு மட்டத்தில் இருக்க வேண்டும். பருத்த கைக்குச் சின்னப் பட்டை கட்டினால் அளவு கூடுதலாகக் காட்டும், அதனால் பெரிய பட்டையைக் கேட்டு வாங்குங்கள். 140க்கு 90 என்றால் அன்றைக்கே டாக்டருக்குப் போன். 160க்கு 110 என்றால் போனெல்லாம் கிடையாது, வண்டியை எடுங்கள். பெயின்டர் மாமா இதைத் தன் உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்.

பிறகு ஆஸ்பிரின். சிலருக்கு, ஆபத்து கூடுதலாக இருந்தால், பன்னிரண்டாவது வாரத்திலிருந்து தினமும் 81 மில்லிகிராம் ஆஸ்பிரின் கொடுப்பார்கள், பிரீக்ளாம்ப்சியா வரும் வாய்ப்பை அது குறைக்கும், டாக்டரிடம் நீங்களே கேளுங்கள் என்றார். ஹாலில் முணுமுணுப்பு. கர்ப்பத்தில் ஆஸ்பிரினா? நம் மேல் சோதனை பண்ணிப் பார்க்கிறார்களா? கேட்டது படிக்காத ஆளில்லை, பள்ளிக்கூட டீச்சர். பக்கத்து மாநிலமான அலபாமாவின் டஸ்கீகியில், 1932 முதல் 1972 வரை, சிஃபிலிஸ் நோய் கண்ட சுமார் 400 கறுப்பின ஆண்களை, பென்சிலின் வந்த பிறகும் மருந்து கொடுக்காமல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது அரசாங்க சுகாதாரத் துறை. அந்த நினைவு இங்கே குடும்பச் சொத்து மாதிரி கைமாறி வருகிறது. நர்ஸம்மா, "பயப்படறது நியாயம். பயந்துகிட்டே கேளுங்க, ஆனா கேளுங்க" என்றார்.

எண்களைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2023இல் அமெரிக்காவில் ஒரு லட்சம் பிரசவத்துக்கு இறந்த தாய்மார் வெள்ளையரில் 14.5, கறுப்பினத்தவரில் 50.3. கொரோனா உச்சத்தில் இருந்த 2021இல் கறுப்பினத்தவரின் கணக்கு 69.9 வரை போனது. நமக்குப் புரிகிற மாதிரி ஒன்று: 2018-20 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் பேறுகால இறப்பு 54. 2020இல் அமெரிக்கக் கறுப்பினப் பெண்களுக்கு 55.3. எண்ணும் முறை இரண்டு இடத்திலும் வேறு என்பதால் தராசில் வைத்து நிறுக்கக்கூடாது. இருந்தாலும், ஆரம்ப சுகாதார நிலையமும் கிராமச் செவிலியரும் 108 ஆம்புலன்ஸும் வைத்து ஒரு மாநிலம் கீழே இறக்கிக்கொண்டு வந்த எண்ணும், உலகத்திலேயே அதிகமாக மருத்துவத்துக்குச் செலவழிக்கும் நாட்டில் ஒரு சமூகத்தின் எண்ணும் பக்கத்துப் பக்கத்தில் நிற்பதைப் பார்த்தால் என்னமோ செய்கிறது.

வறுமைதான் காரணம் என்று உடனே தோன்றும். எனக்கும் தோன்றியது. 2007 முதல் 2016 வரையிலான மரணங்களை அலசிய அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையம், கல்லூரிப் பட்டம் பெற்ற கறுப்பினப் பெண்களின் இறப்பு விகிதம் அதே படிப்புள்ள வெள்ளைப் பெண்களைப் போல 5.2 மடங்கு என்று கண்டது. படிப்பு இந்த இடைவெளியை மூடவில்லை.

அந்த மையத்தின் தலைமையகம் என் வீட்டிலிருந்து காரில் கால் மணி நேரம். ஷலான் ஆர்விங் அங்கேதான் வேலை பார்த்தார். தொற்றுநோயியல் வல்லுநர், முனைவர், அமெரிக்கப் பொதுச் சுகாதாரப் படையில் அதிகாரி. சமூக ஏற்றத்தாழ்வு எப்படி உடம்பை நோயாளியாக்குகிறது என்பதே அவர் ஆராய்ச்சி. 2017 ஜனவரியில் சிசேரியனில் மகள் பிறந்தாள். அடுத்த மூன்று வாரத்தில், ஏதோ சரியில்லை என்று திரும்பத் திரும்ப மருத்துவர்களிடம் போனார். காலில் வீக்கம், ஏறிய ரத்த அழுத்தம். கடைசி முறை மாத்திரை எழுதிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்று இரவே சுருண்டு விழுந்தார். சில நாளில் உயிர் போனது. வயது 36. இந்த விஷயத்தில் அவரைவிட அதிகம் படித்தவர் அந்த ஊரில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

செரீனா வில்லியம்ஸ் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். 2017 செப்டம்பரில் சிசேரியனுக்கு மறுநாள் மூச்சு முட்டியது. நுரையீரலில் ரத்தக்கட்டு அவருக்கு முன்பே வந்த அனுபவம் உண்டு. ஸ்கேன் எடுங்கள், ரத்தம் உறையாமலிருக்க மருந்து போடுங்கள் என்று பெயர் சொல்லிக் கேட்டார். வலி மாத்திரையில் உளறுகிறார் என்று நர்ஸ் நினைத்தார். வற்புறுத்தி ஸ்கேன் எடுத்தபோது நுரையீரலில் கட்டிகள். அவர் செரீனா என்பதால் வற்புறுத்த முடிந்தது என்று நான் சொல்வேன்.

இந்த இரண்டு கதையும் தெரிந்தபின், 'தாய்மாருக்கு விழிப்புணர்வு' என்ற சொல்லே எனக்குக் கசக்க ஆரம்பித்தது. தெரிந்தவளே செத்துப்போன இடத்தில், தெரியாததால்தான் சாகிறார்கள் என்று சொன்னால் அது அவள் தலையிலேயே பழியைப் போடுவது. அந்தச் சர்ச் ஹால் எனக்குப் புரியவைத்தது இதுதான்: கற்றுக்கொடுக்க வேண்டியது அவளுக்கு மட்டுமில்லை, அவளைச் சுற்றி இருப்பவர்களுக்கும். வலியிலும் தூக்கமில்லாமலும் கிடப்பவள் தனக்காகத் தானே வக்கீலாகவும் வாதாட வேண்டும் என்பது என்ன நியாயம்? சாட்சிகள் வேண்டும். வீட்டில் ஒருத்தர், மருத்துவமனையில் ஒருத்தர், ராத்திரி இரண்டு மணிக்குப் போனை எடுக்க ஒருத்தர்.

அதனால்தான் அங்கே கடைசி அரைமணி நேரம் நாடகம் நடக்கும். ஒருவர் அவசர சிகிச்சைப் பிரிவு டாக்டர், ஒருவர் நோயாளி, ஒருவர் துணை. துணைக்கு வருபவர் வாயைத் திறந்ததும் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம், "இவளுக்குக் குழந்தை பிறந்து இத்தனை நாள் ஆகிறது." தலைவலி என்று தொடங்கினால் ஐந்து மணி நேரம் காத்திருக்க வைப்பார்கள். பிரசவம் என்று தொடங்கினால் வேறு கதவு திறக்கும். இந்தத் தாய் மரணங்களில் பாதிக்கு மேல் பிள்ளை பிறந்து ஒரு வாரம் கழித்து ஒரு வருடத்துக்குள் நடப்பவை. பிள்ளை பிறந்த ஆறாவது மாதத்தில் இருமலோடு வருபவளைப் பார்த்து, இவள் பெற்றவள் என்று யாருக்கும் நினைவு வராது. பரிசோதனை வேண்டாம் என்று டாக்டர் சொன்னால் அடுத்த வாக்கியம், "நாங்கள் கேட்டோம், நீங்கள் மறுத்தீர்கள் என்று கோப்பில் எழுதிவிடுங்கள்." இதைக் குரல் உயராமல் சொல்லிப் பழக வேண்டும். கறுப்பினப் பெண் சத்தம் போட்டால் கோபக்காரி. கறுப்பின ஆண் சத்தம் போட்டால் காவலாளி வந்துவிடுவார். அந்தப் பெயின்டர் மாமா முதல் ஒத்திகையில் உணர்ச்சிவசப்பட்டு மேசையைத் தட்டிவிட்டார். நர்ஸம்மா நிறுத்தி, "திரும்ப" என்றார். மாமா மூன்றாம் தடவைதான் தட்டாமல் பேசினார். மனைவி ரத்தப்போக்கில் போய்க்கொண்டிருக்கும்போதும் அடக்கமாகப் பேச ஒரு மனிதன் ஒத்திகை பார்க்க வேண்டியிருக்கிறது. அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சார்லஸ் ஜான்சன் நினைவுக்கு வந்தார். 2016 ஏப்ரலில் லாஸ் ஏஞ்சலிஸில் அவர் மனைவி கீரா, சிசேரியனுக்குப் பின் உள்ளுக்குள் ரத்தம் கசிந்து, பல மணி நேரம் கவனிக்கப்படாமல் இறந்தார். ஜான்சன் 2018இல் நாடாளுமன்றக் குழு முன்பு போய்ச் சொன்னார். அந்த டிசம்பரில், ஒவ்வொரு பேறுகால மரணத்தையும் ஆராயும் மாநிலக் குழுக்களுக்குப் பணம் ஒதுக்கும் சட்டம் வந்தது. அப்படி ஆராய்ந்த குழுக்கள்தான், இந்த மரணங்களில் பத்தில் எட்டுக்கு மேல் தடுத்திருக்கக் கூடியவை என்கின்றன.

இதையெல்லாம் யாரோ புதிதாகக் கண்டுபிடித்த மாதிரி 'பண்பாட்டுக்கு ஏற்ற கல்வி' என்று திட்ட அறிக்கைகளில் எழுதுகிறார்கள். இருந்ததைப் பிடுங்கிவிட்டுத் திருப்பித் தருவதுதான் இது. ஜார்ஜியாவின் தென்மேற்கில் ஆல்பனி என்று ஓர் ஊர். அங்கே மேரி கோலி என்ற மருத்துவச்சி 3,000 பிள்ளைகளுக்கு மேல் பிரசவம் பார்த்திருக்கிறார். கறுப்பினத்தவருக்கும் வெள்ளையருக்கும். தென்மாநிலங்களில் இப்படி ஆயிரக்கணக்கான மருத்துவச்சிகள், 'கிரானி' என்று அழைக்கப்பட்டவர்கள். 1950களின் தொடக்கத்தில் ஜார்ஜியா சுகாதாரத் துறை மருத்துவச்சிகளுக்குப் பயிற்சிப் படம் எடுக்க நினைத்தபோது, கேமராவை ஆல்பனிக்கே கொண்டுபோனது. மேரி கோலிதான் அதில் மருத்துவச்சி. கை கழுவுவது, பையைச் சுத்தமாக வைத்திருப்பது எல்லாம் பாடம்தான். ஆனால் அந்தப் பாடம் அவர்களுடைய வீட்டுக்குள், அவர்களுடைய பேச்சில் நடக்கிறது. எழுபது வருடத்துக்கு முந்தைய படத்தில் இருக்கும் மரியாதை நான் பார்த்த மருத்துவமனை ப்ரொஜெக்டரில் இல்லை. அப்புறம் என்ன ஆனது? உரிமத்தை நெருக்கினார்கள், புதுப்பிக்க மறுத்தார்கள். அலபாமா 1976இல் சட்டத்தாலேயே முடித்துவைத்தது. மருத்துவச்சி போனாள், அந்த இடத்துக்கு டாக்டரும் வரவில்லை. ஜார்ஜியாவின் 159 கவுண்டிகளில் (நம் மாவட்டம் மாதிரி) ஏறத்தாழ பாதியில் இன்றைக்கும் மகப்பேறு மருத்துவர் இல்லை.

இன்னும் பின்னால் போனால் அலபாமாவின் மான்ட்கோமரி. 1840களில் ஜே. மேரியன் சிம்ஸ் என்ற மருத்துவர், அனார்க்கா, பெட்ஸி, லூசி என்ற அடிமைப் பெண்கள் மேல் மயக்க மருந்தில்லாமல் அறுவை செய்து செய்து பழகினார். அனார்க்காவுக்கு மட்டும் ஏறத்தாழ முப்பது தடவை. அவருக்கு 'நவீன மகளிர் மருத்துவத்தின் தந்தை' என்று பட்டம், நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் சிலை. 2018இல்தான் அதை எடுத்தார்கள். 2021இல் மிஷெல் பிரவுடர் என்ற கலைஞர், கழித்துப்போட்ட இரும்புத் துண்டுகளை ஒட்டவைத்து, மான்ட்கோமரியில் அந்த மூன்று பெண்களுக்கும் சிலை வைத்தார். குடும்பத்தோடு போய்ப் பார்த்தோம். என் மகள் அண்ணாந்து, "ஏன் பெரிசா இருக்காங்க?" என்றாள்.

கறுப்புத் தோலுக்கு வலி உறைக்காது என்ற அந்தக் காலத்து நினைப்பு அந்தக் காலத்தோடு போய்விடவில்லை. 2016இல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் வெள்ளை மருத்துவ மாணவர்களையும் பயிற்சி மருத்துவர்களையும் கேட்டபோது, பாதிப் பேர், கறுப்பினத்தவரின் தோல் தடிமன் என்பது போன்ற பொய்களில் ஒன்றையாவது நம்பினார்கள். நம்பியவர்கள் வலிக்கு மருந்து பரிந்துரைப்பதிலும் தவறினார்கள். விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கிற கிளிப், கொரோனாவில் நாமெல்லாம் வாங்கி வைத்தது, கறுப்புத் தோலில் குறைந்த ஆக்சிஜனைக் கண்டுபிடிக்காமல் விடுவது ஏறத்தாழ மூன்று மடங்கு என்று 2020இல் ஓர் ஆய்வு காட்டியது. கருவிக்கே கண் சரியில்லை. எனக்கு வந்த 'சிவந்திருக்கிறதா' கேள்வியின் கூடப்பிறந்தவைதான் இவையெல்லாம். ஆக, வகுப்பில் முதல் வரிசையில் உட்கார வேண்டியவர்கள் யார் என்று நீங்களே சொல்லுங்கள்.

2021 டிசம்பரில் ஒரு படம் இணையமெங்கும் சுற்றியது. சிடியெபெரே இபே என்ற நைஜீரிய மருத்துவ மாணவர் வரைந்தது. கறுப்பினக் கர்ப்பிணி, வயிற்றுக்குள் சுருண்டிருக்கும் கறுப்புச் சிசு. இப்படி ஒன்றை வாழ்நாளில் பார்த்ததே இல்லை என்று ஆயிரக்கணக்கானோர் எழுதினார்கள். நான் எதிர்வீட்டம்மாவுக்கு அனுப்பினேன். பதில் வரவில்லை. மறுநாள் அவர் வீட்டு ஃபிரிட்ஜில் அது அச்செடுத்து ஒட்டப்பட்டிருந்தது. நானும் பாடப் புத்தகத்தில், டாக்டர் அறைச் சுவரில், கேலண்டரில் எத்தனை கருப்பைப் படம் பார்த்திருப்பேன். உள்ளே இருந்ததெல்லாம் ரோஜாநிறப் பிள்ளை.

இதைக் கறுப்பு முகத்தை ஒட்டினால் போதும் என்று புரிந்துகொள்கிறவர்களும் உண்டு. அப்படி ஒரு கையேடு என்னிடம் இருக்கிறது. ஓரத்தில் ஆப்பிரிக்கத் துணிக் கட்டம், நடுவில் சிரிக்கும் கறுப்பினத் தாய், உள்ளே அதே சால்மன், அதே 'தோல் சிவந்தால் அழைக்கவும்'. அச்சடித்தவர் தன் மாடலின் கையைக்கூடத் திருப்பிப் பார்க்கவில்லை.

நம் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். அட்லாண்டா தமிழ் வாட்ஸ்அப் குழுவில், 'அந்த ஏரியா பக்கம் வீடு பார்க்காதீங்க' என்றால் எந்த ஏரியா, யார் இருக்கும் ஏரியா என்று எல்லாருக்கும் தெரியும். ஆறாம் மாதம் எனக்கு மூன்று வீட்டிலிருந்து குங்குமப்பூ வந்தது, பிள்ளை 'கலரா' பிறக்க. நானும் பாலில் போட்டுக் குடித்தேன், மறைக்கவில்லை. 2020இல் துளசேந்திரபுரத்தில் கமலா ஹாரிஸுக்குப் பேனர் கட்டியபோது பெருமையாகப் பகிர்ந்தோம். அவர் செனட்டில் இருந்தபோது, 2020 மார்ச்சில் கீழவை உறுப்பினர்களான லாரன் அண்டர்வுட், அல்மா ஆடம்ஸ் இருவரோடும் சேர்ந்து, கறுப்பினத் தாய்மாரின் உயிருக்காக ஒரு மசோதாத் தொகுப்பே கொண்டுவந்தார். அதை எங்கள் குழுவில் ஒருவர்கூடப் பகிரவில்லை. அந்தத் தொகுப்பிலிருந்து, ராணுவத்தில் பணியாற்றிய தாய்மாருக்கான ஒரு பகுதி மட்டும் 2021இல் சட்டமானது.

சர்ச் ஹால் எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. பக்கத்தில் மருத்துவமனையே இல்லாதவளுக்கு எந்த ஒத்திகை உதவும்? ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் காப்பீடு பிரசவத்துக்குப் பின் ஒரு வருடம் நீடிக்கும் என்று ஜார்ஜியா முடிவெடுக்க 2022 ஆனது. இனவெறியின் கீழ் வாழ்ந்து வாழ்ந்து உடம்பு முன்கூட்டியே தேய்ந்துபோகிறது என்று பொதுச் சுகாதார ஆய்வாளர் ஆர்லின் ஜெரோனிமஸ் 1992இலேயே எழுதினார். மழையும் வெயிலும் பட்ட சுவர் உதிர்வது மாதிரி. அந்தச் சுவருக்கு ஒரு சனிக்கிழமை வகுப்பு என்ன பூச்சுப் பூசிவிடும்? நர்ஸம்மாவிடமே கேட்டேன். "தெரியும் பேபி. மேலே அவங்க சட்டம் போடட்டும். அதுவரைக்கும் எங்க பொண்ணுங்க சாகாம இருக்கணுமில்ல?" என்று நாற்காலிகளை மடக்கிக்கொண்டே சொன்னார்.

போன வருடம் எதிர்வீட்டம்மாவின் மகளுக்கு ஏழாம் மாதம். பேபி ஷவருக்கு அழைப்பு வந்தது. கடையில் பட்டியல் வைத்திருந்தார்கள்: தொட்டில், தள்ளுவண்டி, டயப்பர். எல்லாம் பிள்ளைக்கு, பெற்றவளுக்கு ஒன்றுமில்லை. நம் வளைகாப்பில் பிள்ளைக்கு யாரும் எதுவும் கொண்டுவர மாட்டார்கள். வளையல் அவளுக்கு, சோறு அவளுக்கு, பூ அவளுக்கு. தமிழ்நாட்டு அங்கன்வாடிகளில் சமுதாய வளைகாப்பு என்று நடத்தி, வளையல் அடுக்கி, கலந்த சாதம் போட்டு, அந்தச் சாக்கில் உடம்பைப் பார்த்துக்கொள்வது பற்றியும் சொல்லி அனுப்புகிறார்களே, அந்த யோசனை யாருக்கு வந்ததோ, அவருக்கு ஒரு கும்பிடு. அந்த நினைப்பில், பட்டியலில் இல்லாத ஒன்றை வாங்கிப்போனேன். பிரஷர் மெஷின், பெரிய பட்டையோடு. அம்மா அந்தச் சமயம் இங்கே இருந்தாள். சாத்தூரிலிருந்து கொண்டுவந்த கண்ணாடி வளையல் இரண்டு டஜன் அவள் பங்கு. எதிர்வீட்டம்மாவின் மகள் கையில் ஒவ்வொன்றாக ஏற்றிவிட்டாள். அளவு பத்தவில்லை, சோப்புத் தண்ணீர் போட்டு ஏற்றினாள். சர்ச்சிலிருந்து வந்திருந்த பெண்கள் சுற்றி நின்று கைதட்டினார்கள்.

பிள்ளை பிறந்து ஒன்பதாம் நாள், ராத்திரி இரண்டு மணிக்கு எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார் எதிர்வீட்டம்மா. மெஷினில் பேட்டரி தீர்ந்துவிட்டது, மகளுக்கு மண்டையிடி, இருக்கிறதா? டிவி ரிமோட்டிலிருந்து இரண்டைக் கழற்றிக்கொண்டு அம்மாவும் நானும் ஓடினோம். அவளை நிமிர்ந்து உட்காரவைத்து, கால் தரையில், கை தலையணை மேல். ஐந்து நிமிடம் ஒருவரும் பேசவில்லை. 118க்கு 76. கால் மணி நேரம் கழித்து இன்னொரு தடவை. 116க்கு 74. இருந்தும் டாக்டரின் இரவு எண்ணுக்குப் போன் போட்டு, "குழந்தை பிறந்து ஒன்பது நாள்" என்று தொடங்கினார் எதிர்வீட்டம்மா. மறுமுனையில் கேட்ட ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். தூக்கமின்மையாக இருக்கலாம், நீர் குடிக்கட்டும், காலையில் கூட்டி வாருங்கள் என்றார்கள்.

ஃபிரிட்ஜில் அந்தப் படத்துக்குப் பக்கத்தில் ஒரு நோட்டுத்தாள் தொங்கியது. தேதி, நேரம், மேல் எண், கீழ் எண், பார்த்தவர் பெயர். எதிர்வீட்டம்மா பேனாவை அம்மாவிடம் நீட்டினார். அம்மா கண்ணாடி எடுத்து வரவில்லை. தாளைக் கண்ணருகே பிடித்து, இரண்டு வரிசை எண்களையும் எழுதி, கடைசிக் கட்டத்தில் தமிழில் கையெழுத்துப் போட்டாள். பிறகு அந்தப் பெண்ணின் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள்.